வியாழனில் சாம்பார் வாசனை

இருபத்துநாலு நிமிடப் படத்தில் ஒன்பதாவது நிமிடம் ஓடுகிறது. செவ்வாய் போய்விட்டது, அடுத்து வியாழன் வரும், வந்ததும் அந்த ஆள் பொய் சொல்லுவான், நான் இருட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது, படத்துக்குக் குரல் கொடுத்தவன், தொண்டையில் நெய் தடவிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். சூரியனை விட்டு வெகு தொலைவில் இருப்பதால் வியாழன் முழுவதும் உறைபனிக் குளிர்தான், குழந்தைகளே. குழந்தைகளேயாம். மேகங்களுக்கு மேலே, எல்லா மேகத்துக்கும் மேலே, வியாழனின் காற்று நானூறு டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்று அவனிடம் யாராவது சொல்லியிருக்கலாம். நான் ஆசீர் சாரிடம் சொன்னேன். இந்தக் கூடாரம் ஆசீர் சாருடையது. கறுப்புத் துணியில் தைத்த அரைக்கோளம், உள்ளே ஒரு புரொஜெக்டர், ஒரு குமிழ்க் கண்ணாடி, வெளியே ஒரு ப்ளோயர். ப்ளோயர் ஊதுகிற வரைக்கும் கூடாரம் நிற்கும். வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய் ஊதி நிறுத்தி, பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து வானம் காட்டுகிறோம். அவர் வெளியே, நான் உள்ளே. "சார், வியாழன் வசனம் தப்பு சார்" என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டே, "மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு இது போதும் கனி" என்றார். போதும். எனக்கும் இப்படித்தான் பதினோரு வருஷம் போதும் போதும் என்று கொடுத்தார்கள். எந்த மூணாங்கிளாஸ் பிள்ளை வந்து எனக்கு இவ்வளவு உண்மை போதும் என்று கேட்டது? பிள்ளை எங்கே கேட்கிறது, பெரிய ஆளுக்குத்தான் சோம்பேறித்தனம். புதுசாகப் பேசிப் பதிவு பண்ண அரை நாள் ஆகும், அந்த அரை நாள் அவருக்கு வலிக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாமே. மூணாங்கிளாஸை ஏன் இழுக்க வேண்டும்?

வந்துவிட்டது. தலைக்கு மேலே வியாழன் உருண்டு நிற்கிறது, ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை பட்டையாக, பிள்ளைகள் ஓ என்கிறார்கள். இந்த ஓ-வுக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை மயிர் சிலிர்க்கும். இன்றைக்குச் சிலிர்க்கவில்லை. இன்றைக்கு வேர்க்கிறது. சுடிதார் முதுகில் ஒட்டிக்கொண்டு, இழுத்துவிட்டால் மறுபடி ஒட்டுகிறது. முப்பத்தைந்து பிள்ளைகள் உட்காருகிற கூடாரம், அறுபத்தோரு பேரை ஏற்றியிருக்கிறார் ஆசீர் சார், மூணாங்கிளாஸையும் நாலாங்கிளாஸையும் ஒன்றாகச் சேர்த்து, ஏனென்றால் சாயங்காலத்துக்குள் இன்னொரு ஊரில் போய்க் கூடாரத்தை ஊதி நிறுத்த வேண்டுமாம். எட்டயபுரம் தாண்டிக் கரிசல்காட்டு நடுவில் ஒரு நடுநிலைப் பள்ளி, மார்ச் மாசம், பதினொன்றரை மணி. வெளியே எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூடாரம் வேப்பமரத்தடியில் நிற்கிறது, காலையில் நான்தான் இடம் பார்த்தேன், நல்ல அடர்ந்த நிழல், துணி மேல் ஒரு பொட்டு வெயில் கிடையாது. பின்னே இந்தச் சூடு எங்கேயிருந்து வருகிறது? கண்ணில் வேர்வை இறங்கி எரிகிறது, துடைத்தால் இன்னும் எரிகிறது. "ஏக்கா" என்கிறான் முன்வரிசையில் ஒரு பயல், சபரீஷ் என்று பேர், உள்ளே தவழ்ந்து வரும்போதே என் காலைக் கிள்ளினவன். "ஏக்கா, வியாழன்ல சாம்பார் மணக்கு." அவ்வளவுதான், கூடாரமே சிரிக்கிறது. "முருங்கைக்கா சாம்பார்லே." "போலே, கத்திரிக்கா." "ஏக்கா, அங்க முட்டை போடுவாங்களா?" முதல் ஷோவிலும் ஒரு பிள்ளை இப்படித்தான் மணக்கு என்றது, அங்கேயும் சத்துணவு உண்டு என்று சொல்லி நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. "வாயை மூடிட்டு மேல பாருங்க" என்கிறேன், என் குரல் எங்கள் பிசிக்ஸ் சார் குரல் மாதிரியே இருக்கிறது, அது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அந்த ஆளும் இப்படித்தான் வாயை மூடு என்பார். பிளஸ் ஒன்னில் நான் கேட்டது ஒரே கேள்வி. போனில் படித்திருந்தேன், வியாழனுக்கு வருகிற வெயில் நமக்கு வருவதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, அந்த வெயிலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மேல்காற்று பூஜ்யத்துக்குக் கீழே எழுபது டிகிரி இருக்க வேண்டும், ஆனால் இருப்பது நானூறுக்கு மேல். மீதிச் சூடு எங்கே இருந்து சார்? அவர் புத்தகத்தை மூடாமல், விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "பரீட்சைக்கு வருமா?" என்றார். வராது சார். "அப்ப உக்காரு." நான் உட்காரவில்லை. "நிக்கணும்னா நில்லு" என்றார், நின்றேன். மறுநாள் அவர் பீரியடில் நானாகவே எழுந்து நின்றேன். நாலு நாள் நின்றேன், பின்னால் இருந்த பிள்ளைகள் போர்டு மறைக்குது உக்காருட்டி என்று ஸ்கேலால் குத்தினார்கள். ஐந்தாம் நாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. அதற்கு முன்னாலேயே காலாண்டில் ரெண்டு பாடம் பெயில், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் நான் ஏதோ பெரிய இவள் மாதிரி ஆகிவிடும். ஆனால் பெயில் ஆனதற்காக நான் பள்ளிக்கூடத்திலிருந்து நிற்கவில்லை. பெயில் ஆனவர்களுக்கு மறு பரீட்சை உண்டு, கேள்வி கேட்டவளுக்கு என்ன உண்டு? வீட்டில் அப்பா கொதித்தார், தட்டை வீசினார், அம்மா அப்படியே உறைந்துபோனாள். அப்பா ஆறின பிறகு அம்மா ஆரம்பித்தாள், ராத்திரி பகல் இல்லாமல், அப்போது அப்பா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். வியாழனிலும் இதே கதைதான், நான் பிறகு படித்தேன். மேகத்துக்குப் பக்கத்தில், வடக்கே ஒரு பட்டை சூடானால் தெற்கே அதே தூரத்தில் இருக்கிற பட்டை குளிருகிறது, இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர், எப்படி ஒன்றின் சேதி இன்னொன்றுக்குப் போகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நாற்பது வருஷம் உட்கார்ந்து அளந்தவர்கள் தெரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. தெரியவில்லை என்று சொல்லலாம் போலிருக்கிறதே. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பத்தொன்பது பேர் இருமுகிறார்களா, இருபதா, எங்கே பார்த்தாலும் இருமலும் உஸ் உஸ் என்று ஊதலும். நோட்டு அட்டையால் விசிறிக்கொள்கிறார்கள். "ஏக்கா, தண்ணி." "ஏக்கா, இவ என் மேல சாயுதா." போனை எடுத்து ஆசீர் சாரைக் கூப்பிடுகிறேன். எச்.எம். டீச்சர் அறையில் இருக்கிறார், பின்னால் டம்ளர் சத்தம் கேட்கிறது. "சார், உள்ள ரொம்பச் சூடா இருக்கு." "சூடு மேலதான் போகும் கனி. பிள்ளைங்க தரையிலதான உக்காந்திருக்கு." "தரையிலதான் சார் சூடு." "மார்ச் மாசம் பின்ன குளுருமா? இன்னும் பன்னெண்டு நிமிசம், ஒரு கதை கிதை சொல்லிச் சமாளி." "சார், வாசல் ஜிப்பைக் கொஞ்சம்." "ஜிப்பைத் தொட்ட, தெரியும்ல?" தெரியும். போன மாசம் ஒரு ஊரில் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது, பதறிப்போய் ஜிப்பை முழுக்கத் திறந்துவிட்டேன், காற்றெல்லாம் போய்க் கூடாரம் மெதுவாகப் பிள்ளைகள் தலையில் படுத்தது. அலறின அலறலில் யாரோ உதைத்துக் குமிழ்க் கண்ணாடி கீறிவிட்டது. அன்றையிலிருந்து எங்கள் சனிக்கோளுக்குக் குறுக்கே ஒரு கோடு. இன்னொரு தடவை ஷோ நடுவில் திறந்தால் அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிரு என்றார் ஆசீர் சார். அவர் சொன்னால் செய்வார், எனக்கு முன்னால் இருந்த பையனை அப்படி அனுப்பியிருக்கிறார். வீடு என்றால் அப்பா. நீ மூணு மாசம் தாங்க மாட்ட என்று சொல்லி அனுப்பினவர், வாசலில் நின்று என் பையை வாங்கி, மாசத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டே உள்ளே வைப்பார். அப்புறம் மறுபடி அதே யூனிபாரம், அதே விரலைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற ஆள். எனக்கு இந்த வேலை வேண்டும். இந்த இருட்டு வேண்டும். அந்த ஓ வேண்டும். பன்னிரண்டு நிமிடம்தானே. பன்னிரண்டு நிமிடத்தில் யாருக்கு என்ன ஆகிவிடும், காலையில் ரெண்டு ஷோ நடந்ததே, வெளியே போன பிள்ளைகள் முகமெல்லாம் சிவப்பாகத்தான் போனார்கள், ஆனால் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

சிரித்தார்களா? எல்லாரையுமா பார்த்தேன்? ஓரத்தில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம். ஓரத்திலிருந்துதான் வருகிறது, எப்போதும் ஓரத்திலிருந்து. நடுவில் சபரீஷ் கூட்டம் இன்னும் கத்திரிக்காய் முருங்கைக்காய் என்று அடித்துக்கொள்கிறது, ஓரத்தில், காற்று வருகிற துணிக்குழாய்ப் பக்கம், பேச்சே இல்லை. எழுந்து மேல்துணியைத் தொட்டுப் பார்க்கிறேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, வேப்பமரம் அதன் வேலையைச் செய்கிறது. அப்படியென்றால் இது வெயில் இல்லை. வெயிலே இல்லை. வியாழன் விஷயத்திலும் அளந்தவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள், சூரியனையே பார்த்துக்கொண்டு, சூரியனைக் கூட்டிக் கழித்து, போதவில்லை போதவில்லை என்று. கடைசியில் சூடு துருவத்திலிருந்து வந்தது. துருவத்து வானத்தில் திரை திரையாக ஒளி எரியுமே, அங்கே கொதிக்கிற காற்று, அது அங்கேயே நிற்காமல் ஓரத்திலிருந்து நடுவுக்குப் பரவி வந்துகொண்டிருந்தது. நான் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலில் நகருகிறேன், யார் விரலையோ மிதித்துவிட்டேன், "ஏக்கா!", இரு இரு, துணிக்குழாயின் வாயில் கையை நீட்டுகிறேன். அடுப்புக்கு முன்னால் கையை நீட்டினது மாதிரி. முகத்தில் அடிக்கிறது, பருப்பும் பெருங்காயமும் சேர்ந்த அனல். சாம்பார். சாம்பார் வாசனை எப்படிக் கூடாரத்துக்குள் வரும், மூக்கு இருக்கிற எந்த மாட்டுக்கும் இது தோன்றியிருக்க வேண்டும். இந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்பறை பிளக் ஒன்றும் வேலை செய்யாது, கிரைண்டருக்காகச் சமையல்கூடத்துப் பின்சுவரில் மட்டும் ஒன்று உண்டு, அதனால் ப்ளோயர் அந்தச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்கு நேர் கீழே. உள்ளே முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் கொதிக்கிறது. அந்தப் புழுக்கத்தை எல்லாம் உறிஞ்சி உறிஞ்சி நாங்கள் உள்ளே ஊதிக்கொண்டிருக்கிறோம். காலையிலிருந்து. முதல் ஷோவிலேயே அந்தப் பிள்ளை சொன்னது. மணக்கு அக்கா என்று சொன்னது, நான் சத்துணவு ஜோக் அடித்தேன். மூணாங்கிளாஸ்கூட எட்டாத பிள்ளை சரியான பதிலைக் கையில் கொடுத்திருக்கிறது, பரீட்சைக்கு வராது என்று நான் உட்காரவைத்திருக்கிறேன்.

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை சுருண்டு சாய்ந்திருக்கிறது. பக்கத்துப் பிள்ளைதான் அழுதது. "ஏக்கா, மகிஷா பேச மாட்டேங்கா." போன் வெளிச்சத்தை அடிக்கிறேன், முகம் செங்கல் மாதிரி, நெற்றியைத் தொட்டால் வேர்வையே இல்லை, காய்ந்த சூடு. மகிஷா, மகிஷா, இங்க பாரு. கண் பாதி திறந்து எங்கேயோ பார்க்கிறது. உறைபனிக் குளிர்தான் குழந்தைகளே என்கிறான் மேலே அவன். எனக்குள் ஏதோ ஒன்று, அதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன், தைரியம் என்றால் யோசிக்க நேரம் இருந்திருக்கும், வெறும் ஆத்திரம், அவன் மேல், ஆசீர் சார் மேல், என் மேல், ஜிப்பை ஒரே இழுப்பில் மேலிருந்து தரை வரைக்கும் கிழித்த மாதிரி இழுத்தேன். வெளிச்சம் கத்தி மாதிரி விழுந்தது. "எல்லாரும் வெளிய. ஓடாதீங்க, தவழ்ந்து வாங்க. சபரீசு, நீ நடு ஆளுங்களைக் கூட்டிட்டு வா. ஏலே சிரிக்காத, கூட்டிட்டு வா." அந்தப் பயல் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏய் வாங்கட்டி, ஒருத்தர் பின்னால ஒருத்தர், பிடிச்சுக்கோங்க" என்று பெரிய ஆள் மாதிரி இழுக்க ஆரம்பித்தான். துணி மெதுவாக இறங்கி வந்து என் முதுகில் படுத்தது. மகிஷாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன், கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. தண்ணீர்க் குழாயடியில் உட்காரவைத்து என் துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றி, தண்ணீர் ஊற்றி, ஊற்றி, ஊற்றி. சமையல்கார அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏய்யா, பச்சப் பிள்ளையை அவிச்சுட்டீங்களே" என்றாள். எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு மகிஷா என் மடியில் வாந்தி எடுத்தாள், எடுத்துவிட்டு அழுதாள். அந்த அழுகை வந்ததும்தான் நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். எச்.எம். டீச்சர் பிள்ளையை வாங்கி ஸ்கூட்டரில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார், கூடவே இன்னொரு டீச்சர்.

ஆசீர் சார் டீ டம்ளரைக் கையில் வைத்தபடியே வந்து நின்றார். முதலில் படுத்துக் கிடந்த துணியைத்தான் பார்த்தார், பிள்ளையை இல்லை. "யாரைக் கேட்டுத் தொறந்த?" நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ப்ளோயர் வாயில் வைத்தேன். அவரை நான் தொட்டதே அதுதான் முதல் தடவை. டம்ளர் கீழே விழுந்தது. "பாருங்க சார். இதுதான் உள்ள போகுது. சமையல் சூடு. காலையிலருந்து." அவர் கையை எடுக்கவில்லை, முகமும் மாறவில்லை. "தெரியும்" என்றார். "வேற பிளக் இல்ல. வயரும் எட்டாது. என்னைய என்ன பண்ணச் சொல்லுத?" தெரியும். எனக்கு அந்த ஒரு சொல் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தெரியவில்லை என்று சொல்கிறவர்களை நான் கும்பிடத் தயார், தெரியாமல் பொய் சொன்னவனைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. இந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துதான் சூடு மேலே போகும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். பின்னால் ஐந்தாங்கிளாஸ் வரிசையாக வந்து நின்றது, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் கால் மாற்றி மாற்றி. மகிஷாவுக்கு என்ன ஆனது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எச்.எம். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு, "சார், இவங்களை அனுப்பலாமா, இல்ல நாளைக்கு வச்சுக்குவோமா?" என்றார். "அஞ்சே நிமிசம் டீச்சர், ஊதிருவேன். அது காலைல சாப்பிடாம வந்த பிள்ளை, அதான்." அப்புறம் என்னிடம், சத்தமில்லாமல், "ஜிப்பை மூடிட்டு நீ பஸ்ஸுக்குப் போ. உள்ள நானே உக்காந்துக்கிடுதேன்." நியாயமாகப் பார்த்தால் நான் போயிருக்கலாம். வேலை போய்விட்டது, அதற்கு மேல் போக ஒன்றுமில்லை. பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏக்கா, உள்ள நட்சத்திரம் தெரியுமாக்கா?" என்றாள். "தெரியும். இன்னைக்கு இல்ல" என்றேன். "டீச்சர், உள்ள அனுப்பாதீங்க. காத்து கொதிக்கு, நீங்களே வந்து கையை வச்சுப் பாருங்க." எச்.எம். டீச்சர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், யார் சொல்வதைக் கேட்டால் தனக்கு வம்பு வராது என்று எடைபோடுகிற பார்வை. ஆசீர் சார் குனிந்து ஜிப்பைப் பிடித்தார். நான் போய் ப்ளோயரை அணைத்துவிட்டு, அதன் தகரத்து மேலேயே ஏறி உட்கார்ந்தேன். "ஏட்டி, எந்திரி." "மாட்டேன்." "எந்திரிங்கேன்ல." "டீச்சர் வந்து கை வைக்கட்டும், எந்திரிக்கேன்." காலையிலிருந்து ஓடின மிஷின். சுட்டது. சுடட்டும்.